‘ஐ வாண்ட் இட் தட் வே’: அந்த ‘இட்’ எது? கேள்வி பதில்

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்ற ஐவர் பாடகர் குழுவின் இந்தப் பாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: மெல்லிசைக் குழுக்களில் இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர்கள் ஏறி வந்து “அண்ணா, டெல் மீ வை வாசிங்க” என்று (இந்தப் பாட்டின் கோரஸ் அப்படித்தான் தொடங்கும்) கேட்காத முகூர்த்த சீசன் கிடையாது.

90ஸ் கிட்: அண்ணா, இருபத்தைந்து வருஷமா பாடுறேன். ‘ஐ வாண்ட் இட் தட் வே’ன்னா என்ன அர்த்தம்? எது வேணும், எந்த வழியில வேணும்?

அர்த்தம் தேடாதீர்கள், கிடைக்காது. முதல் சரணத்தில் “எனக்கு அது அப்படித்தான் வேண்டும், நம்பு” என்று காதலன் சொல்கிறான். கோரஸில், அதாவது நம் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதியில் போய், “அது அப்படித்தான் வேண்டும் என்று நீ சொல்லி நான் கேட்கவே கூடாது” என்கிறான். இவன் சொன்னால் சரி, அவள் சொன்னால் தப்பா? ‘அது’ காதலா, பிரிவா, பிடிவாதமா? பாட்டு எங்கேயும் சொல்லவில்லை. குழுவில் மூத்தவரான கெவின் ரிச்சர்ட்சனே ஒரு பேட்டியில், பாட்டுக்குப் பெரிதாக அர்த்தம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். 2018-ல் இதே சந்தேகத்தை ஒரு அமெரிக்கப் பிரபலம் ட்விட்டரில் கிளப்ப, குழுவின் கணக்கிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. அதைப் படித்தால் இருந்த கொஞ்சம் தெளிவும் போய்விடும்.

காரணம் எளிது. மெட்டு முதலில், வரி அப்புறம். நம் ஊரில் இசையமைப்பாளர் ‘தன்னன்னா தானே’ என்று பாட, கவிஞர் சந்தத்துக்கு எழுதுவார் இல்லையா, அதே கதை. வித்தியாசம் என்னவென்றால், நம் ஊரில் டம்மி வரிகளைத் தூக்கிவிட்டு நல்ல வரியை வைப்பார்கள். இங்கே டம்மி வரி மாதிரி இருந்ததே கடைசி வரை நின்றுவிட்டது. எழுதிய இருவருமே ஸ்வீடன்காரர்கள், ஆங்கிலம் அவர்களுக்கு இரண்டாம் மொழி.

ஆனால் காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். கோரஸில் வரிகள் முடியும் சொற்கள்: ஹார்ட்ஏக், மிஸ்டேக், சே, வே. எல்லாம் ஒரே ‘ஏ’. சரணத்தில் ஃபயர், டிசையர். கோரஸ் தொடக்கத்தில் வை. எல்லாம் ‘ஐ’. வாயைத் திறந்து நீட்டிப் பாட ஏதுவான இரண்டே உயிர் ஒலிகளின் மேல் கிட்டத்தட்ட முழுப் பாட்டும் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் வாத்தியாரிடம் காட்டினால் பொருளுக்கு முட்டை போட்டுவிட்டு இயைபுக்கு முழு மதிப்பெண் கொடுப்பார்.

பழைய கேசட்: ஸ்வீடனா? நான் இதை அசல் அமெரிக்கப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடியவர்கள் அமெரிக்கர்கள். 1993-ல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் சேர்ந்த ஐந்து பேர்: கெவின் ரிச்சர்ட்சன், பிரையன் லிட்ரெல், நிக் கார்ட்டர், ஏஜே மெக்லீன், ஹவி டோரோ. பாட்டு பிறந்தது ஸ்டாக்ஹோமில், செய்ரோன் என்ற ஸ்டுடியோவில். எழுதியவர்கள் மேக்ஸ் மார்ட்டின், ஆண்ட்ரியாஸ் கார்ல்சன். தயாரித்தவர்கள் மேக்ஸ் மார்ட்டினும் கிறிஸ்டியன் லுண்டினும். 1998 நவம்பரில் ஐவரும் அங்கே போய்ப் பதிவு செய்தார்கள். 1999 ஏப்ரலில் பாட்டு வந்தது, மே 18 அன்று ‘மில்லெனியம்’ ஆல்பம்.

மேக்ஸ் மார்ட்டின் அதற்கு முன் ஒரு மெட்டல் (அலறும் கிடார் ராக்) குழுவில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். அவரைப் பாப் பக்கம் இழுத்தவர் செய்ரோனின் மூளையான டென்னிஸ் பாப். டென்னிஸ் ஒரு டிஜே, வாத்தியம் வாசிக்கத் தெரியாது. ‘இந்த இடத்தில் ஆள் ஆடுவானா, மாட்டானா’ என்று மட்டும் கேட்கத் தெரியும். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) இந்தக் குருவும் சிஷ்யரும் சேர்ந்து செய்ததுதான். 1998 ஆகஸ்ட் 30 அன்று டென்னிஸ் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார், வயது 35. அடுத்த மூன்றாவது மாதம், குரு இல்லாத அதே ஸ்டுடியோவில் இந்தப் பாட்டு பதிவானது. அர்த்தமில்லாத வரிகளுக்குள் இவ்வளவு ஏக்கம் எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் நான் இந்தத் தேதிகளைத்தான் சொல்வேன். நிரூபிக்க முடியாது, என் எண்ணம் அவ்வளவுதான்.

பட்டிமன்றப் பேச்சாளர்: அர்த்தமுள்ள இன்னொரு வடிவம் இருக்கிறதாமே?

இருக்கிறது. ரெக்கார்டு கம்பெனிக்காரர்களும் உங்களை மாதிரியே தலையைச் சொறிந்தார்கள். வரிகளைச் சரிசெய்ய மட் லேங்கைக்கூட அழைத்தார்கள். ஏசி/டிசி, ஷானியா ட்வைன் ஆல்பங்களைத் தயாரித்த பெரிய கை அவர். திருத்திய வடிவத்தில் “நீ அப்படிச் சொல்லிக் கேட்கவே கூடாது” என்பது “நீ அப்படிச் சொல்வதைக் கேட்கப் பிடிக்கிறது” என்று மாறியது. வாக்கியம் நேரானது, பொருள் பொருந்தியது. பதிவும் செய்தார்கள், பின்னால் அது வெளியே கசியவும் செய்தது.

கேட்டுப் பாருங்கள். சுத்தமாக எடுபடவில்லை. ‘கேட்கவே கூடாது’ என்ற அந்த ‘நெவர்’ போன இடத்தில் வலியும் போய்விட்டது. ஒருவன் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறான், ஆனால் மெட்டு அழுதுகொண்டிருக்கிறது. அந்த ஐந்து இளைஞர்களும் பழைய வரிதான் வேண்டும் என்று நின்றதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

கிடார் கத்துக்குட்டி: சார், கார்டு சொல்லுங்க. சுலபமா வாசிக்கிற மாதிரி.

தம்பி, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கிளிப்) போடு. ஈ மைனர், சி, ஜி. சரணத்தில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப. “ஐ வாண்ட் இட் தட் வே” என்று முடிக்கும் இடத்தில் சி, டி, ஜி. உண்மையில் ஒலிப்பது எஃப் ஷார்ப் மைனர், டி, ஏ.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தொடங்குவது மைனரில், அதாவது சோகத்தில். ஒவ்வொரு வரியும் போய் இறங்குவது மேஜரில். ஒரே வரிக்குள் முகம் வாடி, உடனே தெளிகிறது. அழுகைப் பாட்டா, ஆறுதல் பாட்டா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் முக்கியமான பள்ளம் ஒன்று இருக்கிறது, விழுந்துவிடாதே. இடைப்பகுதி முடிந்து கடைசிக் கோரஸ் வரும்போது ஸ்கேல் ஏறும், ஏ-யிலிருந்து பி-க்கு. நம் கச்சேரியில் ஒரு சுருதியைப் பிடித்தால் பாட்டு முடியும் வரை அதுதான். இவர்கள் நடுவழியில் தம்புராவையே மாற்றி வைக்கிறார்கள். கீபோர்டுக்காரனுக்குக் கவலை இல்லை, ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை தட்டினால் போதும். நீ கேப்போவை நாலாவது ஃப்ரெட்டுக்குத் தள்ள வேண்டும், அதுவும் ஒரு மூச்சு நேரத்தில். ஒருமுறை ஒரு ரிசப்ஷனில் எங்கள் கிடாரிஸ்ட் அதைத் தள்ளும்போது கேப்போ தெறித்து மணமகளின் தாம்பூலத் தட்டில் விழுந்தது. பாட்டு நிற்கவில்லை. ஏனென்றால் மண்டபமே பாடிக்கொண்டிருந்தது.

புள்ளிவிவரப் புலி: உலகம் முழுக்க நம்பர் ஒன். அமெரிக்காவில் மட்டும் ஆறாவது இடமா? நம்பவே முடியவில்லை.

ஆமாம், அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் அது தொட்ட உச்சம் 6. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் முதலிடம். அமெரிக்காவில் இதைத் தனி சிங்கிளாகக் கடைக்கு அனுப்பவே இல்லை. பாட்டு வேண்டுமா, முழு ஆல்பத்தையும் வாங்கு என்பது கம்பெனியின் கணக்கு. கடையில் விற்காத பாட்டு அந்தப் பட்டியலில் வரவே முடியாது என்ற விதி 1998 டிசம்பரில்தான் தளர்ந்திருந்தது. அதனால் வானொலி ஒலிபரப்பை மட்டும் வைத்து ஆறாவது இடம் வரை ஏறியது. கணக்கு பலித்ததா என்றால், ‘மில்லெனியம்’ முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 11 லட்சத்துக்கு மேல் விற்றது. அன்றைக்கு அது சாதனை. அடுத்த வருடம் போட்டிக் குழுவான என்சிங்க் 24 லட்சம் விற்று அதைத் தாண்டியது வேறு கதை.

கிராமி? மூன்று பிரிவுகளில் பரிந்துரை, கையில் ஒன்றும் இல்லை. அந்த வருடம் கிடார் கலைஞர் சான்டானா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்.

ஜன்னலோர இருக்கை: அந்த வெள்ளை டிரஸ் வீடியோ எந்த ஏர்போர்ட்?

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம், டாம் பிராட்லி முனையம். விமானக் கொட்டகையில் ஐந்து பேரும் வெள்ளையில் நிற்பார்கள், பின்னால் விமானம். இயக்கியவர் வேய்ன் ஐஷம். மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவுக்கு வீடியோ எடுத்த அதே ஆள்!

சந்தேகப் பிராணி: அவர்கள் நிஜமாகவே பாடினார்களா, இல்லை எல்லாம் கம்ப்யூட்டர் வேலையா?

பாடினார்கள். கண்ணை மூடிக் கேட்டால் ஆளைப் பிரிக்கலாம். பிரையனின் மெல்லிய குரலில் தொடங்கும், அடுத்து நிக். இரண்டாம் சரணத்தில் ஏஜேயின் கரகரப்பு. இடைப்பகுதியில் கெவினின் அடிக்குரல். பிரையனுக்கு அந்த 1998 மே மாதம்தான் இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பாடிய குரல் அது.

வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை: இவர்களை உருவாக்கியவர் மோசடி ஆசாமியாமே?

லூ பேர்ல்மன். குழுவே பிற்பாடு அவர் மேல் வழக்குப் போட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய வேறு மோசடிக்காக 2008-ல் 25 வருடத் தண்டனை பெற்று, 2016-ல் சிறையிலேயே இறந்தார். இந்தப் பாட்டுக்கு அதற்கு மேல் அவர் முக்கியமில்லை.

தாமதமாக வந்தவள்: நான் பிறந்ததே 2004-ல். எனக்கும் இது மனப்பாடம். எப்படி அண்ணா?

உன் வயதுக்காரர்களுக்கு மூன்று வாசல்கள் இருந்தன. முதலாவது கிண்டல். பாட்டு வந்த கொஞ்ச நாளிலேயே பிளிங்க்-182 என்ற ராக் குழு அந்த வீடியோவை நையாண்டி செய்தது. 2003-ல் கேலிப் பாட்டுக்காரர் வியர்ட் ஆல் யாங்கோவிக் இதே மெட்டில் ஈபே இணையதள ஏலத்தைப் பற்றிப் பாடினார். கேலி செய்யும் அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்றால் அது சாகாது.

இரண்டாவது, இணையம். 2005-ல் சீனாவின் குவாங்சோ நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர், விடுதி அறையில் கூடைப்பந்து பனியனோடு உட்கார்ந்து வெப்கேம் முன்னால் இதற்கு வாயசைத்தார்கள். பின்னால் மூன்றாவது ஆள், உலகத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல், கம்ப்யூட்டரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். யூடியூப் தவழ ஆரம்பித்த வருடம் அது. அந்த முதுகுக்காகவே நான் இன்னும் அவ்வப்போது பார்க்கிறேன்.

மூன்றாவது, நீ பார்த்திருக்க வாய்ப்புள்ளது: 2018-ல் ‘ப்ரூக்ளின் நைன்-நைன்’ நகைச்சுவைத் தொடரில் வரும் அடையாள அணிவகுப்பு. சந்தேக நபர்கள் ஐந்து பேரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு வரி பாடச் சொல்வார் போலீஸ்காரர். கொலைகாரனை அடையாளம் காட்ட வந்த பெண் பக்கத்தில் நிற்கிறாள் என்பதையே மறந்து அவரும் சேர்ந்து பாடுவார். அந்தக் காட்சி பலிப்பதற்குக் காரணம் பாட்டின் கட்டுமானம்தான். ஐந்து பேருக்கும் வரி உண்டு, ‘டெல் மீ வை’ என்று ஒருவர் கேட்டால் மற்றவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். தனியாகப் பாடினால் அரைப் பாட்டுதான். திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர் பாடி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவாரே, அந்த மாதிரி.

2025-ல் லாஸ் வேகஸின் ஸ்ஃபியர் அரங்கில் அதே ஐவரும் பாடினார்கள். பார்க்க வந்த கூட்டமும் வெள்ளை உடையில்.

நாளைக்கு ஃபேர்வெல்: ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேர் மேடையில் பாடப் போறோம் அண்ணா. யாருக்குமே உச்சஸ்தாயி வராது. என்ன செய்ய?

முழுப் பாட்டையும் ஒரு கட்டை இறக்கி ஜி-யில் ஆரம்பியுங்கள். கேப்போ தேவையில்லை, மேலே சொன்ன அதே கார்டுகள்தான். கடைசியில் ஏறும்போது ஏ-யில் நிற்பீர்கள், சமாளிக்கலாம். உங்களில் கரகரக் குரல்காரன் யாரோ, அவனுக்கு இரண்டாம் சரணம். அவ்வளவும் முடியாது என்றால் கோரஸ் வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுங்கள். வரி மறந்து எவனும் நிற்க மாட்டான்.