ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: மதர்போர்டை மாற்றிவிடவா?

கேள்வி: ஆறு வருடமாக ஓடும் டெஸ்க்டாப் கணினி. காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. நான்கைந்து முறை அணைத்துப் போட்டால் ஒருவழியாக வருகிறது. வந்துவிட்டால் மாலை வரை ஒரு தொந்தரவும் இல்லை. தேதி மட்டும் பழைய வருடத்தைக் காட்டுகிறது. பார்க்க வந்தவர் மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். அடுத்த முறை கணினி வந்ததும் முதல் வேலையாக முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது, "வந்துவிட்டால் மாலை வரை தொந்தரவு இல்லை" என்ற வரிதான். ஆறிக் கிடக்கும்போது முரண்டு பிடித்து, கொஞ்சம் சூடேறியதும் சமர்த்தாக ஓடுவது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது கணினிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியின் குணம். அதற்குள் இருக்கும், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் வயதாக ஆக உலர்ந்துபோகும். உலர்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும்; சூடு ஏறினால் ஓரளவு தேறிவிடும்.

"ஃபேன்தான் சுற்றுகிறதே, அப்படியென்றால் கரண்ட் வருகிறதுதானே?" என்று கேட்பீர்கள். வருகிறது, ஆனால் அது போதாது. எஸ்எம்பிஎஸ் ஆன் ஆனதும் தன் வோல்டேஜ்கள் எல்லாம் நிலைக்கு வந்துவிட்டன என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். பவர் குட் என்பார்கள். அரை நொடிக்குள் அது வந்தாக வேண்டும். வரும்வரை மதர்போர்டு பிராசஸரை வேலை தொடங்கவிடாமல் ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். ஃபேனுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. 12 வோல்ட் கொஞ்சம் குறைந்து, தள்ளாடி வந்தாலும் சுற்றிவிடும்.

நாளைக் காலை ஒன்று செய்து பாருங்கள். திரை கறுப்பாக இருந்தால் அணைத்து அணைத்துப் போடாமல் அப்படியே பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இடையில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே விழித்துக்கொண்டது, கோளாறு மானிட்டர், கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் என்று அர்த்தம். விளக்கு அசையாமல் இருந்து, பத்து நிமிடம் கழித்து ரீசெட் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தியதும் டிஸ்ப்ளே வந்தால், என் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் இன்னும் உறுதியாகும்.

காசு செலவாகாத வேலைகளை அடுத்துப் பார்த்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் சார்ஜ் போய்விடும். கேபினட்டைத் திறந்து, அதன் வெறும் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு, மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி அட்டையை, அதாவது ரேமைக் கழற்றுங்கள். அடி விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகத் தெரியும் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளை முழுக்கத் துடைத்துவிடுங்கள். திரும்பப் போடும்போது கிளிப் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும். பலர் பயந்து பயந்து பாதிதான் அழுத்துகிறார்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மதர்போர்டில் ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் நல்லது: ரேம் ஒன்றுகூட இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் சத்தம் வந்தால் பிராசஸரும் போர்டும் உயிரோடுதான் இருக்கின்றன.

கேபினட்டின் ரீசெட் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலும் இதே கூத்துதான், ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. ஒரு முறை இது தெரியாமல் அரை நாள் ரேமை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். சந்தேகமிருந்தால் அதன் வயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு ஆன் செய்து பாருங்கள்.

தேதி விஷயம் தனி. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இரவில் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை கரண்டில் ஓடும். முழுக்க அணைத்தால் பேட்டரிதான் தாங்க வேண்டும். புதியது 3 வோல்ட் காட்டும். மாற்றுங்கள். சில போர்டுகள் தீர்ந்த பேட்டரியோடு கிளம்பவே அடம்பிடிக்கும் என்பதால் இதையும் சும்மா விட முடியாது. மாற்றியதும் பயாஸ் அமைப்புகள் (கணினி கிளம்பும்போது மதர்போர்டு பார்க்கும் செட்டிங்குகள்) கம்பெனி கொடுத்தபடி திரும்பிவிடலாம். முன்பே பயாஸ் திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீ கையில் இருக்கட்டும், கேட்டாலும் கேட்கும்.

இத்தனைக்கும் பிறகும் காலையில் அதே கதை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் கணினி ஓடும்போது மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். இந்த எல்லைக்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று முடிவு கட்டலாம். எல்லைக்குள் இருந்தால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. தகராறு, கணினி கிளம்பும் அந்த அரை நொடியில்தான். மீட்டர் அதைப் பிடிக்காது. அதனால் நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி, மூன்று நாள் காலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பெரிய 24 பின் இணைப்போடு, பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் இணைப்பையும் மறக்காமல் மாட்டுங்கள். பழையதைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதே முரண்டு தொடர்ந்தால், உங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்னது சரியாக இருக்கக்கூடும். பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டுதான் குற்றவாளி. அப்போதும் வாங்கும் முன் பிராசஸரின் சாக்கெட் பெயரையும், ரேம் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அதையும் சேர்த்துப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.