கார்ட்டர் பாம்புத் தீனி: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

கனடாவில் இருந்த 11 வருடமும் கார்ட்டர் பாம்பு என்ற வட அமெரிக்கச் சின்னப் பாம்பை வளர்த்தவன் நான். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் இந்தப் பாம்பை வளர்க்கிறார்களாம். இங்கே பெற்றோருக்குத் தூக்கம் இல்லை. தீனி பற்றி மட்டும் கேளுங்கள்.

அம்பாசமுத்திரம்: டொரண்டோவில் என் மகள் பாம்புக்குத் தங்கமீன் மட்டும்தான் போடுகிறாள். சரியா அண்ணாச்சி?

உடனே நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா. தங்கமீனில் தயமினேஸ் என்று ஒரு நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மீனை உறைய வைத்தாலும் அந்த நொதி போகாது. என் முதல் பாம்புக்குக் கடைக்காரர் பேச்சை நம்பி இதையேதான் போட்டேன். சில மாதத்தில் தலை மேலே பார்த்துத் திருகிக்கொண்டது. மல்லாந்தால் புரளத் தெரியவில்லை. மருத்துவர் பி1 ஊசி போட்டார். ஆனால் நான் தாமதமாகத்தான் போயிருந்தேன்.

கப்பி, திலாப்பியா, சால்மன், டிரௌட் கொடுக்கலாம். வெறும் சதைத் துண்டில் கால்சியம் போதாது. சிறு மீனை முள்ளோடு முழுசாகக் கொடுப்பது நல்லது. அதைவிட நல்லது பிறந்த எலிக்குஞ்சு. உறைந்ததை வாங்கி வெந்நீரில் இளக்கிக் கொடுக்கலாம். முகம் திருப்பினால் குஞ்சின் மேல் மீனைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வாசனைக்கு மயங்கிவிடும். பெரிய மண்புழுவும் சரி. உரக்குழியில் வளர்க்கும் சிவப்புப் புழு மட்டும் வேண்டாம், அது இந்தப் பாம்புக்கு விஷம்.

கடையநல்லூர்: எத்தனை நாளைக்கு ஒருமுறை?

குட்டிக்கு வாரம் 2 தடவை, பெரிசுக்கு 1. இரை பாம்பின் பருமனைத் தாண்ட வேண்டாம். தின்றபின் 2 நாள் கையில் எடுக்காதீர்கள்.

சங்கரன்கோவில்: தங்கமீன் எப்பவாவது ஒன்று போட்டால்?

ஒன்றால் சாகாது. ஆனால் ஒன்று என்று ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும்.

மேலப்பாளையம்: திலாப்பியா நம்ம ஜிலேபி கெண்டைதானே? கெண்டையிலும் அந்த நொதி உண்டு என்று படித்தேனே!

நல்ல கேள்வி. படித்தது சரி, தங்கமீனே கெண்டைக் குடும்பம்தான். ஜிலேபிக்குப் பெயரில் மட்டும்தான் கெண்டை. அது சிக்லிட் குடும்பம், ஆப்பிரிக்கா பூர்வீகம், 1952-ல் இந்தியாவுக்கு வந்தது.

வீரவநல்லூர்: எங்க தாத்தா தாமிரபரணியில் பிடித்ததெல்லாம் ஜிலேபி கெண்டைதான். நீங்க கனடாவிலிருந்து வந்து கெண்டை இல்லேங்கீரு?

தாத்தா பிடித்த மீன் சரி, வைத்த பெயர்தான் தப்பு. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் இருக்கும். ஜிலேபிக்குத் தாடையில் சொரசொரவென்று தட்டும். முதுகுத் துடுப்பின் முன்பகுதி முழுக்க முள். குத்து வாங்காமல் கழுவிய ஆள் உண்டா?

மேலப்பாளையம்: அப்போ கெண்டைக் குழம்பு சாப்பிடும் நமக்கு பி1 போகாதா?

நாம் வேகவைக்கிறோம். சூட்டில் நொதி செத்துவிடும். பாம்பு பச்சையாகத் தின்கிறது.

வீரவநல்லூர்: பல்லைப் பார்த்தா குடும்பம் சொல்லுவாக? மாட்டுச் சந்தையா வே இது?

சந்தையில் வயசைப் பார்ப்பார்கள். மீனில் சாதியையே சொல்லலாம். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வாரும்.

களக்காடு: வயலில் ஒரு தண்ணீர்ப்பாம்பு பிடித்து வைத்திருக்கிறேன். அதுக்கும் இதே தீனியா?

தம்பி, விட்டுவிடு. கார்ட்டருக்குச் சொந்தக்காரப் பாம்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தீனி ஆலோசனை கிடையாது.

தென்காசி: பால்?

பாம்பு குடிக்காது. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதில் வேண்டுமானாலும் வாயை வைக்கும். தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

நாங்குநேரி: அண்ணாச்சி, தங்கமீன் போடலாமா?

மேலே படியுங்கள்.

வள்ளியூர்: சின்னத் தங்கமீன்?

மேலே!

வீரவநல்லூர்: மதியத்துக்கு வாங்கின ஜிலேபி வீட்டில் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். பல் இருக்கு வே.

சரி. இனி குழம்பை வையும்.