குதிரை கேள்வி–பதில்: வாய்க்குள் இடம் இருக்கிறதா?

கேள்வி: என் பெண் குதிரைக்கு ஏழு வயது. பயிற்சியில் ஸ்னாஃபிள் பிட்டோடு, அதாவது வார் நேராக இழுக்கிற எளிய வாய்த்தண்டோடு, அருமையாக நடப்பாள். வெஸ்டர்ன் (அமெரிக்க கௌபாய் பாணி) போட்டியில் அவள் வயதுக்குக் கர்ப் பிட், அதாவது இரு பக்கமும் ஷாங்க் என்ற கம்பி உள்ள பிட், போட வேண்டும் என்றார்கள். நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன். கடிவாள வாரைத் தொட்டதுமே முகத்தை மார்போடு மடக்கிக்கொள்கிறாள், வாயைத் திறக்கிறாள், வாலைச் சுழற்றுகிறாள். இன்னும் நீளமான ஷாங்க் போட்டால் அடங்குவாள் என்கிறார் நண்பர். என்ன பிட் வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த இரவல் பிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நண்பரின் யோசனையையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். முகத்தை மடக்குகிற குதிரை அடங்காத குதிரை இல்லை. வாயில் விழும் அழுத்தத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிற குதிரை. அதற்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுத்து என்ன பயன்?

நானும் இதில் பட்டவன்தான். என்னிடம் ஒரு செம்பழுப்பு ஆண்குதிரை இருந்தது, ஈ உட்கார்ந்தால்கூடச் சிலிர்த்துக்கொள்ளும். தடித்த பிட் மென்மையானது என்று எல்லோரும் சொன்னதை நம்பி, விரல் பருமனுக்கு ரப்பர் சுற்றிய பிட் வாங்கினேன். ஒரு மாதம் வாயைப் பிளந்தபடியே ஓடியது. நான் மூக்குப்பட்டையை இறுக்கினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் பல் பார்க்க வந்த மருத்துவர் டார்ச் அடித்துக் காட்டினார். தடித்த நாக்கு, தாழ்ந்த அண்ணம். இரண்டுக்கும் நடுவே அந்த ரப்பர் உருளைக்கு இடமே இல்லை. அதைவிட மெல்லிய, நாக்குக்கு இடம் விட்டு லேசாக வளைந்த பிட்டை மாட்டியதும் இரண்டு வாரத்தில் வாய் மூடியது.

அதனால் கடைக்குப் போகும் முன் வாயைப் பாருங்கள். உதட்டின் ஓரத்தில், வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு இருக்கும். பிட் உட்காருகிற இடம் அதுதான். எலும்பின் மேல் மெல்லிய தோல், அவ்வளவே. அங்கே புண், தழும்பு இருக்கிறதா? முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் சிறிய ஓநாய்ப்பல் முளைத்திருக்கிறதா? அதன்மேல் பிட் இடித்தால் எந்த பிட்டும் சரிப்படாது. வாயை மூடியிருக்கும்போது நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் நெரிபட்டால் தடித்த பிட் வேண்டாம். இதையெல்லாம் பல் மருத்துவரை வைத்துக்கொண்டே பாருங்கள், விரல் பத்திரம்.

இனி ஷாங்க். ஸ்னாஃபிளில் நீங்கள் இழுக்கிற அளவுதான் வாய்க்குப் போகும். கர்ப் அப்படி இல்லை, அது ஒரு நெம்புகோல். பக்கக் கம்பி வாய்த்தண்டுக்கு மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 1 கிலோ இழுத்தால் தாடைக்கு அடியில் போகும் தாடைப்பட்டையில் 2 கிலோ, ஈறிலும் நாக்கிலும் 3 கிலோ. வெஸ்டர்ன் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்கன் குவார்ட்டர் குதிரை சங்க விதிப்புத்தகம் ஷாங்க் எட்டரை அங்குலம் வரை இருக்கலாம் என்கிறது. அது உச்சவரம்பு. அவ்வளவு நீளம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

உங்கள் குதிரைக்கு நான் தேடுவது இதுதான்: குட்டையான ஷாங்க், அதுவும் பின்னோக்கி வளைந்தது. நேரான ஷாங்க் சட்டென்று வேலை செய்யும். வளைந்தது கொஞ்சம் தாமதிக்கும், அந்த இடைவெளியில் குதிரைக்கு ‘வருகிறது’ என்று தெரிந்துவிடும். ஷாங்க் வாய்த்தண்டோடு ஒட்டிய இடம் அசைகிறதா என்றும் பாருங்கள். அசைந்தால் முன்னறிவிப்பு இன்னும் தெளிவு. வாய்த்தண்டின் நடுவில் ஒரே மூட்டு வேண்டாம், இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கும். இரண்டு மூட்டும் நடுவே சிறு உருளையும் உள்ளதோ, நாக்குக்கு இடம் விடும் தாழ்ந்த வளைவு உள்ளதோ எடுங்கள். ஸ்வீட் அயர்ன் என்ற இரும்பில் செய்த பிட் லேசாகத் துருப்பிடிக்கும், பயப்படாதீர்கள். அந்தச் சுவைக்குப் பல குதிரைகள் வாயை ஈரமாக வைத்துக்கொள்ளும். தாடைப்பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும்.

அப்புறம், வாங்கிய அன்றே வாரைப் பூட்டாதீர்கள். சில நாள் வெறுமனே வாயில் வைத்துக்கொண்டு நிற்கட்டும், நடக்கட்டும். ஒற்றைக் கையில் வார் பிடிப்பதை நீங்கள் ஸ்னாஃபிளிலேயே பழகுங்கள். கர்ப் மாட்டியதும் இரண்டு கையாலும் இழுக்கிற பழக்கம்தான் பாதித் தொல்லை. போட்டி மைதானத்தில் நம் கை தானாகவே இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பயிற்சியில் மாட்டாத பிட் போட்டியிலும் வேண்டாம்.

ஒன்று விட்டுவிட்டேன். அந்தக் குவார்ட்டர் குதிரை சங்கத்தில் ஐந்து வயது வரை ஸ்னாஃபிள் போடலாம், ஆறிலிருந்து கர்ப் என்பது பொதுவான நடைமுறை. ஆனாலும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே விதி இல்லை. உங்கள் பிரிவின் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒருவேளை கர்ப்பே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: பிட்டே இல்லாமல், மூக்கின்மேல் அழுந்தும் ஹேக்கமோர் கடிவாளம் போட்டால் என்ன?

பதில்: பயிற்சிக்குத் தாராளமாக. போட்டி என்றால் எந்தப் போட்டி என்று சொல்ல வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தாண்டுதல் போட்டியில் அனுமதி உண்டு, குதிரையின் நடையழகைப் பார்க்கும் டிரஸாஜில் கிடையாது. இன்னொன்று: ஷாங்க் வைத்த ஹேக்கமோரும் நெம்புகோல்தான். வாய்க்குப் பதில் மூக்கெலும்பு அழுந்தும். கை கனமாக இருந்தால் அதுவும் வலிக்கும்.