ஜன்னலுக்கு வெளியே ஒரு வேஷக்காரன்

கேள்வி: என் மகள் பி.எட். படிக்கிறாள். வகுப்பில் 'ரோல் பிளே' என்று ஒருத்தியைத் தலைமையாசிரியையாகவும் இன்னொருத்தியைச் சண்டைக்கு வரும் அம்மாவாகவும் நடிக்கச் சொல்கிறார்களாம். படிக்கிற நேரத்தில் இந்த வேஷமெல்லாம் எதற்கு?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வேஷத்தைப் பற்றிக் கோத்தகிரிக்காரர் கேட்கலாமா? ஜன்னலைத் திறந்து பாருங்கள். எதிரே நிற்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்தான்) 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, தன் எண்ணெய்க்கு 'நீலகிரித் தைலம்' என்று பேரும் வாங்கிவிட்டது. வடக்கே மரத்துக்கே 'நீல்கிரி' என்றுதான் பேர். இங்கேயே பிறந்த சோலை மரம் ஒன்றின் பேரைச் சொல்லுங்கள், பார்ப்போம். (தைலக்கடை விளம்பரதாரர் இந்த மாதமும் கோபிப்பார். கோபிக்கட்டும்.) ஊட்டி மட்டும் என்ன? படத் தயாரிப்பாளர் கையில் காசு குறைந்தால் அதுதான் காஷ்மீர்.

சரி, மகள் விஷயம். வியன்னாவில் மருத்துவராக இருந்து அமெரிக்கா போன ஜேகப் மொரேனோ இதை ஒரு சிகிச்சையாகவே ஆக்கினார். கணவன் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்து மனைவியாகப் பேச வேண்டும், மனைவி கணவனாக. உங்களுக்குப் பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவக் கல்லூரியில், தோளில் பட்டை வாங்கிய அதிகாரிகளே எதிரிப் படையாக உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அவர்களை யாரும் கூத்தாடி என்பதில்லை.

நானும் ஒருமுறை மாட்டினேன். சிறு தேயிலை விவசாயிகளுக்கான ஒரு பயிற்சியில், பச்சைத் தேயிலை எடை போடுகிறவனாக என்னை நிற்க வைத்தார்கள். முப்பது வருஷமாக அந்தத் தராசைத் திட்டித் தலையங்கம் எழுதுகிறவன் நான். முதல் மூட்டைக்கு, இலை ஈரம் என்று எடையில் ஒரு கிலோ கழித்தேன். பத்தாவது நிமிஷம், தொட்டுக்கூடப் பார்க்காமல் மூன்று கிலோ கழித்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்றவர் நிஜமான விவசாயி. "ஐயா, இலை காஞ்சுதானுங்களே இருக்கு" என்றார். "இஷ்டமிருந்தா போடு, இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். எனக்கு யாரும் எழுதிக் கொடுத்த வசனமில்லை அது.

அன்று டீ இடைவேளையில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மகளைத் தடுக்காதீர்கள். அடுத்த முறை சண்டைக்கு வரும் அம்மா வேஷத்தை அவளே கேட்டு வாங்கட்டும். வீட்டில் ஒத்திகைக்கு ஆள் வேண்டுமென்றால், தலைமையாசிரியையாக நீங்கள் உட்காருங்கள்.