"கலைப்பள்ளிக்கே போகாத கலைஞர் யாராவது உங்களைப் பாதித்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களும் தனியாக எதையோ வரைந்துகொண்டிருக்கிறீர்கள், "இதை எங்கே படித்தாய்?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். சரிதானே?

என் பதில், ஹெலன் மார்டின்ஸ். தென்னாப்பிரிக்காவில் காரூ என்னும் வறண்ட சீமையில், நியூ பெதெஸ்டா என்ற சிற்றூரில் 1897இல் பிறந்தவர். பெற்றோர் காலமான பிறகு, நடுவயதில், வீட்டையே மாற்றத் தொடங்கினார். புட்டிகளை உடைத்து அரைத்து அந்தத் தூளைச் சுவர்களில் ஒட்டினார். முற்றம் நிறைய சிமென்ட் ஆந்தைகள், ஒட்டகங்கள், கிழக்கே பார்த்து நடக்கும் யாத்திரிகர்கள். கண்ணாடித் தூள் கண்பார்வையைக் கெடுத்தது. 1976இல், 78 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வீடு இன்று அருங்காட்சியகம்.

நாங்கள் இருக்கும் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து காரில் இரண்டு நாள் பயணம். அங்கே ஜாடிகளில் நிறம் நிறமாகக் கண்ணாடித் தூள். என் மனைவி மஞ்சள்தூள் என்றே நினைத்துவிட்டாள். முற்றத்தில் ஓர் உருவத்தில் சிமென்ட் உதிர்ந்து உள்ளிருந்த கம்பி தெரிந்தது. அதைவிட்டு என்னால் நகர முடியவில்லை.

என் அப்பாவும் முதலில் கம்பியைத்தான் வளைப்பார். சர்க்கரை ஆலைத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயிலுக்கு ஒரு மயில் செய்தார். தோகையில் அம்மாவின் உடைந்த வளையல்கள். பிறகு கும்பாபிஷேகம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைத்தார்கள், மயிலை உடைத்தார்கள். ஸ்தபதிகளை நான் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அவர்கள் சாஸ்திரம் கற்றவர்கள். ஆனால் கல்வெட்டில் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது, அப்பா பெயர் இல்லை.

ஹெலன் வீட்டிலும் இந்தக் கதை உண்டு. முற்றத்துச் சிலைகளில் பலவற்றை வார்த்த கை கூஸ் மல்காஸ் என்பவருடையது. ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவர், கூலிக்கு வந்தவர். கற்பனை ஹெலனுடையது, மறுக்கவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் ஏத்தல் ஃபுகார்ட் ஹெலனை வைத்து எழுதிய நாடகத்தில் மூன்றே பாத்திரங்கள். கூஸ் மேடைக்கு வருவதே இல்லை. 1991இல் சிலைகளைப் பழுதுபார்க்க மட்டும் அவரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள்.

எங்கள் கோயில் குழுவினர் யாராவது இதைப் படித்தால்: மயிலின் கழுத்து என் கார் கொட்டகையில் இருக்கிறது. கேட்டாலும் தர மாட்டேன்.