முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

கேள்வி: வருடத்துக்கு இரண்டு முறையாவது டயட் ஆரம்பிக்கிறேன். இரண்டு மாதத்தில் ஆறேழு கிலோ குறைகிறது. அப்புறம் ஏதோ ஒரு ராத்திரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால், காலியாகும்வரை கை நிற்பதில்லை. போன எடை வட்டியோடு திரும்பி வந்துவிடுகிறது. எனக்கு மனவுறுதி போதாதா? மைண்ட்ஃபுல்னஸ், அதாவது செய்வதை முழுக்கக் கவனித்துச் செய்யும் பயிற்சி, பழகினால் சரியாகுமா? வரும் திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: இரண்டு மாதம் பசியோடு இருந்து காட்டியவருக்கு மனவுறுதி போதாது என்று நான் சொல்லமாட்டேன். சிக்கலே அந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது.

1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். எடை கால்வாசி அளவுக்குக் குறைந்தது. கூடவே, அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். சோதனை முடிந்ததும், வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை என்றவர்கள் உண்டு. எடை குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. பட்டினி நீங்களாக விரும்பி இருப்பதா, வேறு வழியில்லாமல் இருப்பதா என்று உடம்பு விசாரிப்பதில்லை.

இது உடம்பின் கதை. மனதின் கதை 1975ல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் தின்றார்கள்! முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்கிற மனநிலை. உங்கள் முதல் இரண்டு பிஸ்கட் பசிக்குப் போயிருக்கும். மீதிப் பாக்கெட், ‘போச்சு, இன்றைக்கு அவ்வளவுதான்’ என்ற எண்ணத்துக்குப் போனது.

அதனால் மைண்ட்ஃபுல்னஸுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்படித் தின்ற ராத்திரிக்கு மறுநாள் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். பரிகாரமாகப் பட்டினி கிடந்தால் அடுத்த பாக்கெட்டுக்கு அப்போதே நாள் குறித்தாகிவிட்டது. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். விழித்திருக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், தேவைப்பட்டால் நடுவில் சிற்றுண்டி சாப்பிடுங்கள். காய்ந்த வயிற்றை வைத்துக்கொண்டு மனதைக் கவனிப்பது நடக்காத காரியம்.

சரி, இனி கவனிப்புக்கு வருவோம். கண்ணை மூடித் தியானத்தில் உட்காரச் சொல்லவில்லை. இரண்டு பிஸ்கட்டைத் தட்டில் எடுத்து வைத்து, பாக்கெட்டை மடித்து உள்ளே வையுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு கடி. அது நொறுங்கும் சத்தம், நாக்கில் கரையும் இனிப்பு, பல்லில் ஒட்டும் மாவு. விழுங்கிய பிறகு அடுத்த கடி. ருசி முதல் கடியில்தான் உச்சம், போகப்போக மங்கும். பாக்கெட்டோடு தின்னும்போது இது தெரியவே தெரியாது.

இன்னும் வேண்டும் என்று கை பரபரத்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் சொன்ன வழி இது: ஆசை அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். அது தொண்டையில் தெரிகிறதா, நெஞ்சிலா என்று பார்த்துக்கொண்டிருங்கள். பத்து இருபது நிமிடம் கழித்தும் வேண்டுமென்றால் சாப்பிடுங்கள், குற்றமில்லை. ஒரு வாரம், எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பசியா, சலிப்பா, யாரோ சொன்ன ஒரு வார்த்தையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எடை? மைண்ட்ஃபுல்னஸ் கட்டுமீறித் தின்பதைக் குறைக்கிறது. எடையை அது பெரிதாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. இந்தக் கணக்கு முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

வாரம் ஒரு முறையாவது இப்படிக் கட்டுமீறி, மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அது சிகிச்சை உள்ள ஒரு கோளாறாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். தின்றதை வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரானால் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை டயட்டை விட்டுவிடுங்கள். இன்று இரவுச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.