அப்பா பேர்ல வர்ற முதல் ஃபைட்

போன வாரம் கும்பகோணம் பக்கத்துலேந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு. தொண்ணூறுகள்ல நம்ம டெல்டாவுல குத்துச்சண்டைன்னா டக்குனு வாய்ல வர்ற நாலஞ்சு பேர்ல அவரும் ஒருத்தர், பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. பையனுக்கு 19 வயசு, 60 கிலோ பிரிவுல ஸ்டேட் சில்வர். வெளியூர் புரமோட்டர் ஒருத்தர் வீடு தேடி வந்து மூணு வருஷ கான்ட்ராக்ட் நீட்டியிருக்காரு. போஸ்டர்ல பையன் பேர விட அப்பா பேரு பெருசா இருக்குமாம், முதல் ஃபைட்டே ஆறு ரவுண்டாம், வெயிட் மட்டும் 57-க்கு எறக்கணுமாம். "கையெழுத்து போடலாமா? ரவுண்டு இடைவேளையில அவனுக்கு சொல்லிக் குடுக்க நானே கார்னர்ல நிக்கலாம்னு இருக்கேன். அவங்கம்மாதான் ரெண்டு நாளா மூஞ்சி குடுத்து பேசல." இதான் அவரு கேட்டது.

அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். தம்பி புரொஃபஷனல் ஆகறது தப்பே இல்ல, ஆனா அந்த பேப்பர்ல இப்ப இருக்கற மாதிரியே கையெழுத்து போடாதீங்க. உங்க பேரு அவனுக்கு சொத்துதான், ஆனா மத்த பசங்க யாரும் பாக்காத எடத்துல ரெண்டு மூணு வருஷம் தப்பு பண்ணி பண்ணி கத்துக்குவாங்க பாருங்க, அந்த காலத்த உங்க பேரு அவன்கிட்டேந்து புடுங்கிக்கும். அத எப்படி திருப்பி வாங்கறதுன்னுதான் நாம பாக்கணும்.

2005 ஜூன்ல மான்செஸ்டர்ல, அப்ப உலக சாம்பியனா இருந்த ஆஸ்திரேலியாக்காரர் கோஸ்ட்யா ஜூவும் இங்கிலாந்துக்காரர் ரிக்கி ஹாட்டனும் மோதினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 11 ரவுண்டு முடிஞ்சதும் கோஸ்ட்யா ஸ்டூல விட்டு எந்திரிக்கல, கார்னரே நிறுத்திடுச்சு, அதுக்கப்புறம் அந்த மனுஷன் ரிங் பக்கமே வரல. அந்த ரெண்டு பேர் பசங்களும் பின்னாடி புரொஃபஷனல் ஆனாங்க. கோஸ்ட்யா பையன் டிம், 2016 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்சான். அப்பா ரஷ்யாவுல, இவன் சிட்னில, ரொம்ப வருஷம் கார்னர்ல நின்னது உறவுக்காரர் இகோர் கொலுபேவ். உள்ளூர்லயே சண்ட போட்டு போட்டு மேல வந்து 2023-ல டபிள்யூபிஓங்கற உலக அமைப்போட சூப்பர் வெல்டர் எடைப் பிரிவு சாம்பியன் பெல்ட் வாங்குனான், ஏழு வருஷம் ஆச்சு. ரிக்கி பையன் கேம்பெல், 2021 மார்ச்ல ஜிப்ரால்டர்ல முதல் ஃபைட், மெயின் ஃபைட்டு டில்லியன் வைட்டும் போவெட்கினும், உலகமே டிவில பாத்துக்கிட்டு இருக்கு. அவன் கூட ஆரம்பிச்ச பசங்க ஏதோ ஒரு சின்ன ஹால்ல நூறு பேர் முன்னாடி கத்துக்கிட்டு இருந்தப்ப, இவனோட ஒவ்வொரு குத்தையும் அப்பாவோட குத்தோட ஒப்பிட்டாங்க. 14 ஜெயிச்சான், 2024-ல ஜேம்ஸ் ஃபிளின்ட்கிட்ட ரெண்டு தோல்வி, 2025-ல போதும்னு நிறுத்திட்டான். நல்ல பையன், உழைப்புல கொற சொல்ல முடியாது. ரிக்கியும் அந்த செப்டம்பர்லயே போய் சேந்துட்டாரு, அத நெனச்சா இன்னும் மனசு ஒரு மாதிரி இருக்கு.

டிம்முக்கும் அதே பாரம்தான, அவனும் ஜூ-ன்னுதான கூப்பிட்டாங்கன்னு கேப்பீங்க. உண்மைதான். ரெண்டு பேருக்கும் திறமையும் ஒண்ணு இல்ல. ஆனா ஒருத்தன் கத்துக்க ஏத்த எடத்துல கத்துக்கிட்டான், ஒருத்தனுக்கு அந்த எடம் கெடைக்கல, நான் இப்படித்தான் பாக்கறேன்.

இதவிட மோசமான கத ஒண்ணு இருக்கு. பழைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஜோ ஃப்ரேசியரோட மகன் மார்விஸ். அப்பாதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாரு. பத்து ஃபைட்டு தோக்காம வந்த பையன 1983 நவம்பர்ல லாரி ஹோம்ஸ் முன்னாடி நிறுத்தினாங்க, ஹோம்ஸ் அப்ப ஹெவிவெயிட் சாம்பியன். முதல் ரவுண்டுலயே முடிஞ்சுது. அப்புறம் 1986-ல மைக் டைசன்கிட்ட 30 செகண்டு. நாத்தங்கால்ல இருக்க வேண்டிய பயிர புடுங்கி ஆத்து வெள்ளத்துல நட்ட மாதிரி. குறுவைக்கு நாத்து வயசு பாக்காம யாராவது நடுவாங்களா? இத்தனைக்கும் ஜோவுக்கு பையன் மேல பாசம் இல்லாம இல்ல, தான் எந்த வயசுல எவ்ளோ தாங்குனாரோ அத பையனும் தாங்குவான்னு நெனச்சாரு, அவ்ளோதான்.

அதனால ஆறு ரவுண்டு கெடையாது. நாலு ரவுண்டு, குறைஞ்சது முதல் ஆறு ஃபைட்டுக்கு. புரமோட்டர் ஒத்துக்கலன்னா அவருக்கு வேண்டியது உங்க பேரு, தம்பி இல்ல.

கார்னர் விஷயத்துக்கு வர்றேன், இதுல நீங்க என் மேல கோவப்பட்டாலும் பரவால்ல. நீங்க ஆடின காலம் கம்ப்யூட்டர் ஸ்கோரிங் காலம். 1992 பார்சிலோனாலேந்து 2013 வரைக்கும் அஞ்சு ஜட்ஜ்ல மூணு பேர் ஒரு செகண்டுக்குள்ள பட்டன அமுக்குனாத்தான் பாயின்ட். அதனால நாமெல்லாம் என்ன பண்ணோம், முன்கையால நீட்டமா ஒரு ஜாப், கண்ணுக்கு பளிச்சுனு தெரியற ஒரு வலது கை குத்து, உடனே ஒதுங்கிடறது. வயித்துல எவ்ளோ குத்துனாலும் பட்டன் அமுங்காது, அதனால வயித்துப்பக்கமே போறதில்ல. அது நம்ம ஒடம்புல ஊறிப்போன பழக்கம். புரொஃபஷனல்ல ஒவ்வொரு ரவுண்டுலயும் ஜெயிச்சவனுக்கு பத்து பாயின்ட், மத்தவனுக்கு கம்மி, எவன் குத்து சுத்தமா எறங்கி வேல செய்யுதுன்னுதான் பாப்பாங்க, வயித்துக்குத்துதான் அங்க நாலாவது ரவுண்டுக்கு போடற முதலீடு.

போன மாசம் எங்க ஷெட்டுல ஒரு அப்பா மகனுக்கு பேட் புடிச்சத பாத்தேன், அவரும் பழைய ஆளுதான். பையன் உள்ள பூந்து எடது கையால வெலாவுல ஒண்ணு போட்டுட்டு அங்கயே நிக்கறான், அடுத்தத போட போறான், அதுக்குள்ள அப்பா "அவுட்டு, அவுட்டு"ன்னு கத்தறாரு. பையன் காலு பின்னாடி போகுது, கை முன்னாடி போகுது, நடுவுல ஒடம்பு மாட்டிக்கிட்டு முழிக்கிது. அப்பா சொன்னதுல தப்பில்ல, 1996-ல அதுதான் சரி.

நீங்க ஜிம்ல இருங்க, ஓட்டத்துக்கு கூட போங்க, சாப்பாடு பாருங்க, ஸ்பாரிங், அதாவது பயிற்சி சண்ட, யார் கூடங்கறத முடிவு பண்ணுங்க. கார்னர்ல புரொஃபஷனல் கார்னர் பாத்து பழகுன ஒரு கோச் நிக்கட்டும், புருவம் கிழிஞ்சா ஒரு நிமிஷத்துல ரத்தத்த நிறுத்தத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இருக்கட்டும். இன்னொரு காரணமும் இருக்கு. சண்டைய நிறுத்தச் சொல்லி ரிங்குக்குள்ள துண்ட எப்ப போடணுங்கற முடிவு அப்பா கையில இருக்கக்கூடாது, சில அப்பா ரொம்ப சீக்கிரம் போடுவாரு, சிலரு போடவே மாட்டாரு. அப்பாவே கோச்சா நின்னு சாம்பியன் ஆக்குனவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா அவங்க பையன் சின்ன புள்ளையா இருந்தப்பலேந்து அந்த ஸ்டைல்லயே வளத்தவங்க.

க்ளவுஸும் மாறுது. தம்பி இப்ப 10 அவுன்ஸ் போடறான், அவன் எடைக்கு புரொஃபஷனல்ல 8 அவுன்ஸ். கேக்க சின்ன வித்தியாசம்தான், ஆனா போட்டு பாத்தீங்கன்னா முட்டி மேல இருக்கற பஞ்சு விரலால அமுக்குனாலே எலும்பு தெரியும். கைக்கட்டும் காஸ் துணி, டேப்புன்னு இறுக்கமா வரும். அந்த கட்டு கட்டத்தெரிஞ்ச ஆளு இல்லாம ஸ்பாரிங்கே வேணாம், கட்டைவிரல் போனா ஒரு சீசன் போச்சு.

இப்ப வெயிட்டு. இங்கதான் எனக்கு அந்த புரமோட்டர் மேல சந்தேகம். அமெச்சூர்ல, அதாவது தம்பி இப்ப ஆடற ஸ்டேட், நேஷனல் மாதிரி போட்டில, ஃபைட்டு இருக்கற அன்னிக்கு காலையில எடை பாப்பாங்க, அதனால யாரும் ரொம்ப எறக்க முடியாது. புரொஃபஷனல்ல முந்துன நாளே எடை, அப்புறம் ஒரு நாள் பூரா தண்ணி குடிச்சு சோறு தின்னு ஏத்திக்கலாம். அதனாலதான் 60 கிலோ பையன 57-க்கு எறக்கலாம்னு எல்லாருக்கும் ஆச வருது. 57 கிலோன்னா ஃபெதர்வெயிட்டு, 126 பவுண்டு. தம்பிக்கு 19 வயசு, எலும்பு இன்னும் வளருது, அவனுக்கு 135 பவுண்டுதான், அதாவது 61 கிலோ சொச்சம். தண்ணிய வத்த விட்டு எறங்கறவனுக்கு மூளைய சுத்தி இருக்கற காப்பும் சேந்து கொறையுது, அந்த நெலமைல வாங்கற குத்து வேற மாதிரி.

2025 ஏப்ரல்ல லண்டன்ல கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் கானர் பென்னும் மோதினாங்க, ரெண்டு பேரோட அப்பாவும் 1990-லயும் 1993-லயும் மோதினவங்க. எடை பாத்தப்ப யூபேங்க் ஜூனியர் 0.05 பவுண்டு கூட, 23 கிராமுக்கும் கம்மி, நம்ம கும்பகோணம் கொழுந்து வெத்தல நாலும் கொட்டப்பாக்கு ரெண்டும் வெச்சா அந்த எடை வரும். அதுக்கு அபராதம் 3,75,000 பவுண்டு, நம்ம காசுக்கு நாலு கோடிக்கு மேல. மறுநாள் ஜெயிச்சான், மூணு ஜட்ஜும் 116-112. ஜெயிச்சவன ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. இதே சண்ட 2022-ல நடக்க இருந்தப்ப எடை விஷயத்துல வெளிப்படையா வேணாம்னு நின்னது யூபேங்க் ஜூனியரோட அப்பா. கடைசில அந்த சண்ட நின்னது எதிராளி பென் ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டுனதுனால. பென் தப்பு பண்ணலன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னான், ஆனா பேரு ரெண்டு வருஷம் அடிபட்டுது, அதனால ஜிம்ல எவனாவது டப்பாவுல குடுக்கற பவுடர், லேகியம் எதையும் தம்பி தொடக்கூடாது.

இன்னொண்ணு. அந்த 2025 சண்ட நடந்தது டாட்டன்ஹாம் ஸ்டேடியத்துல. அதே எடத்துல இருந்த பழைய வைட் ஹார்ட் லேன் மைதானத்துலதான் 1991 செப்டம்பர்ல அப்பா யூபேங்க் மைக்கேல் வாட்சனோட மோதுனாரு. வாட்சனுக்கு மூளையில ரத்தம் கட்டி கோமாவுக்கு போயிட்டாரு. ரிங் ஓரத்துல உயிர் காக்கற ஏற்பாடு சரியா இல்ல, முதல்ல கொண்டு போன ஆஸ்பத்திரில மூளை ஆபரேஷன் வசதியும் இல்ல, வேற எடத்துக்கு மாத்தினாங்க. அவரு கேஸ் போட்டு ஜெயிச்சாரு, பிரிட்டன்ல பாதுகாப்பு விதியே மாறிச்சு. இத எதுக்கு சொல்றேன்னா, புரமோட்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி பணம் இல்ல: ஹால் வாசல்ல ஆம்புலன்ஸ் ஃபைட்டு முடியற வரைக்கும் நிக்குமா, கிட்டத்துல எந்த ஆஸ்பத்திரில ராத்திரி நியூரோ சர்ஜன் இருப்பாரு, எத்தன நிமிஷம். தஞ்சாவூர், திருச்சின்னா நமக்கே தெரியும், வெளியூர்ல தெரியாது. பதில் சொல்ல திணறுனாருன்னா எழுந்து வந்துடுங்க.

தம்பிக்கு இப்பவே மூளை எம்ஆர்ஐ, கண்ணுல சொட்டு மருந்து விட்டு விழித்திரை டெஸ்ட்டு, ஈசிஜி, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் எடுத்துடுங்க. அண்ணிய கூட கூட்டிட்டு போங்க, டாக்டர்கிட்ட அவங்களே கேள்வி கேக்கட்டும். சும்மா "ஒண்ணும் ஆவாது"ன்னு நீங்க சொல்றதுதான் அவங்கள பேச விடாம பண்ணுது.

கான்ட்ராக்ட் பேப்பர்ல என்ன இல்லங்கறத பாருங்க. மூணு வருஷம் அவன கட்டிப் போடறாங்க, சரி, வருஷத்துக்கு எத்தன ஃபைட்டு குடுக்கறோம்னு எங்கயாவது எழுதியிருக்கா? இல்லாட்டி மூணு வருஷமும் அவன் வீட்டுல உக்காந்துருப்பான், வேற எவன்கிட்டயும் போக முடியாது. ஆறு மாசம் ஃபைட்டு குடுக்கலன்னா தானா விடுதலன்னு ஒரு வரி சேக்க சொல்லுங்க. எதிராளி யாருன்னு முன்னாடியே சொல்லி நம்ம ஒப்புதல் வாங்கணும். டெஸ்ட்டு செலவு, பயணம் யாரு தர்றா, டிக்கெட்ட நம்ம தலையில கட்டி வித்து தர சொல்றாங்களா, இதெல்லாம் எழுத்துல வேணும். புரமோட்டரே மேனேஜராவும் இருக்கவே கூடாது, கூலி குடுக்கறவனும் கூலி பேசித் தர்றவனும் ஒரே ஆளா இருந்தா யாருக்கு பேசுவான்? கோச்சுக்கு பத்து சதவீதம்ங்கறது பொதுவா இருக்கற வழக்கம், மேனேஜருக்கு பிரிட்டன்ல 25 தாண்டக்கூடாதுன்னு இருக்கு, உங்களுக்கு வர்ற மேனேஜர் அதுக்கு மேல கேட்டா காரணம் கேளுங்க. உங்க பேரு, போட்டோ ரெண்டும் தனி ஒப்பந்தம், தம்பி பேப்பர்ல அது வரவே வேணாம். நோட்டரிகிட்ட போறதுக்கு முன்னாடி கும்பகோணம் கோர்ட்டுல தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டுங்க, ரெண்டாயிரம் மூவாயிரம் செலவாகும், பாத்துக்கலாம்.

அப்புறம் அமெச்சூர விட்டுட்டு ஓடணும்னு அவசரம் என்ன? விஜேந்தர் சிங் 2008 பீஜிங்ல வெண்கலம் வாங்கி, போலீஸ் வேலையும் கையில வெச்சிக்கிட்டு 2015-லதான் புரொஃபஷனல் ஆனாரு. நிஷாந்த் தேவ் பாரிஸ் ஒலிம்பிக்ல காலிறுதி வரைக்கும் போயிட்டு 2025 ஜனவரில. விகாஸ் கிருஷன் அமெரிக்கா போய் ரெண்டு புரொஃபஷனல் ஃபைட்டு ஆடிட்டு திரும்பி வந்து டோக்கியோ ஒலிம்பிக்லயும் ஆடுனாரு, ஆனா அவரு கையில ஏற்கனவே ஏசியன் கேம்ஸ் தங்கம் இருந்துச்சு, ஸ்டேட் சில்வர வெச்சிக்கிட்டு அந்த கதவ தட்டறது கஷ்டம். தம்பிக்கு நேஷனல்ல ஒரு மெடல் வந்தா ரயில்வேயோ போலீஸோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வழி இருக்கு, சம்பளம் வர்றவன் மோசமான ஃபைட்டுக்கு "முடியாது"ன்னு சொல்லலாம், கையில காசு இல்லாதவன் சொல்ல முடியாது. இன்னும் ஒரு வருஷம் அமெச்சூர்ல ஆடட்டும், கூடவே வாரத்துல ரெண்டு நாள் நாலு ரவுண்டு ஸ்பாரிங், உள்ள நின்னு வயித்துக்குத்து பழகட்டும்னு நான் சொல்வேன். தம்பி கேக்க மாட்டான், 19 வயசுல நானும் கேட்டதில்ல.

முதல்ல இத பண்ணுங்க. நாளைலேந்து ஏழு நாள், காலையில எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்ததும், பல்லு கூட வெளக்காம, தண்ணி குடிக்காம தம்பி எடைய பாத்து ஒரு நோட்டுல எழுத சொல்லுங்க. ஏழு நம்பரையும் எனக்கு அனுப்புங்க, கூட அந்த கான்ட்ராக்ட்டோட எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, கடைசி பக்கத்த விட்டுடாதீங்க, பொடி எழுத்து அங்கதான் இருக்கும்.